தண்டையார்ப்பேட்டையின் கதையை எழும்பூரில் தேடுவது எப்படி?

நான் ராயபுரத்தில் பத்திர எழுத்தராக இருந்தவள். கிரையம், அடமானம், விடுதலை, பாகப்பிரிவினை என்று எழுதிக் கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். பழைய மூலப் பத்திரங்களைப் படிக்கப் படிக்க, அதில் வரும் ஆட்கள் யார், அந்தச் சந்து எங்கே போயிற்று என்ற கேள்வி விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்விதான் என்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை கொண்டுபோய் விட்டது. இப்போது வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து, “எங்க ஏரியா ஹிஸ்டரி எழுதணும்மா, எங்க ஆரம்பிக்கிறது?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாடுபட்டுப் பிழைக்கும் ஜனத்தைப் பற்றி எந்த அரசாங்கமும் சும்மா எழுதி வைக்காது. வரி வாங்க எழுதும். நிலம் எடுக்க எழுதும். காலரா வந்தால் எழுதும். கூட்டம் கூடினால் பயந்துபோய்ப் பக்கம் பக்கமாக எழுதும். ஆகவே எதைத் தேடினாலும், “இதை அன்றைக்கு எழுதி வைக்கவேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது?” என்று கேளுங்கள். பணத்துக்காக எழுதினார்களா, பயத்துக்காக எழுதினார்களா? பதில் தெரிந்தால் எந்த அலமாரியைத் திறக்கவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். தேசத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளும் எல்லை பெரிது, அவ்வளவுதான்.

வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பழைய பத்திரம் கட்டாயம் இருக்கும். அதைக் கையில் வாங்கியதும் எல்லாரும் விலையைப் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ஷெட்யூல் என்கிற சொத்து விவரம் அங்கேதான் இருக்கும். அதில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை, எழுதியிருப்பார்கள்: வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்ன சந்து, கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்ன தெரு. ஒரு வீட்டுப் பத்திரத்தில் மூன்று நான்கு அண்டை வீட்டுக்காரர்களின் பெயரும், பெரும்பாலும் அவர்கள் தகப்பன் பெயரும், பழைய பத்திரமாக இருந்தால் சாதியும் தொழிலும் கிடைத்துவிடும். ஒரே தெருவில் நாலைந்து பத்திரங்களைச் சேர்த்து வைத்தால் அந்தத் தெருவில் யார் யார் குடியிருந்தார்கள் என்று வரிசையாகவே எழுதிவிடலாம்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு குடும்பம் காட்டிய பத்திரத்தைச் சொல்கிறேன். 1890களில் எழுதிய கிரையம். கிழக்கெல்லையில் ஒரு தெருவின் பெயர் இருக்கிறது. அந்தத் தெருவுக்கும் கிழக்கே வலை காயப்போடும் மணல்வெளி என்று எழுத்தர் கூடுதலாகக் குறித்திருக்கிறார். இன்றைக்கு அந்த வீட்டுக்குக் கிழக்கே சாலை, சாலையை ஒட்டிக் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் கடல். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்ததும், தெற்கிலிருந்து கரையோரமாக வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தடுக்கப்பட்டுவிட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே நம் கரை கரைந்தது. இதைப் பொறியாளர்களின் அறிக்கையில் படிக்கலாம். ஆனால் எந்தத் தெரு, யார் வீடு என்பதைச் சொல்வது அந்தப் பத்திரம் ஒன்றுதான். கிடைத்த செக்குபந்தியைப் பழைய நகர வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கன்ராடி என்பவர் போட்ட 1755ஆம் ஆண்டு வரைபடம், ராவன்ஷா போட்ட 1822ஆம் ஆண்டு வரைபடம் இரண்டும் பெயர் பெற்றவை.

பத்திரத்தில் ஓ.எஸ். நம்பர், ஆர்.எஸ். நம்பர், சி.சி. நம்பர் என்று மூன்று எண்கள் வந்தால் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சர்வே, மறு சர்வே, கலெக்டர் சர்டிபிகேட் என்பவை அவை. கதவு எண்ணை நம்பி இறங்காதீர்கள், மாநகராட்சி அதைப் பலமுறை மாற்றிவிட்டது. சர்வே எண் உங்களைக் கைவிடாது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, 24 கிரவுண்டு ஒரு காணி. இன்னும் பழைய பணக் கணக்கில் வராகன் வரும்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ஒரு வராகன் மூன்றரை ரூபாய்.

வருஷம்தான் பிள்ளைகளை ரொம்பத் திணறவைக்கிறது. நில வரிக் கணக்கு வருஷமான பசலி என்று போட்டிருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1331 என்றால் 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை. தமிழ் வருஷமாக இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும், அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. துன்மதி என்றால் 1861ஆ, 1921ஆ, 1981ஆ என்பதை முத்திரைத் தாளில் ராஜா ராணி தலை இருக்கிறதா, இருந்தால் யார் தலை என்று பார்த்துச் சொல்லிவிடலாம். எண்ணைத் தமிழிலேயே எழுதியிருந்தால் ௲௯௱௨௰௧ என்று இருக்கும். ஆயிரம், ஒன்பது நூறு, இரண்டு பத்து, ஒன்று: 1921. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான் போடுவார்கள். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

எழும்பூருக்குப் போகும்போது

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில், 1909இல் கட்டிய செங்கல் கட்டடத்தில் இருக்கிறது. அன்றைக்கு அதன் பெயர் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ். 1670களில் தொடங்கி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதிய நாட்குறிப்பும், கூடிப் பேசி முடிவெடுத்ததை எழுதிவைத்த ஆலோசனைப் புத்தகங்களும் அங்கே உள்ளன. உள்ளே ஆராய்ச்சி செய்ய விண்ணப்பமும், அடையாளச் சான்றும், கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த அறிமுகக் கடிதமும் வேண்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே உட்கார்ந்து படிக்கலாம் என்ற நினைப்பில் போகாதீர்கள், அனுமதிக்கு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியை கன்னிமாரா நூலகத்தில் செலவழியுங்கள், எழும்பூரிலேயேதான் இருக்கிறது.

காத்திருக்கும் நாட்களில் படிக்கவேண்டியது, கர்னல் ஹென்றி டேவிசன் லவ் 1640 முதல் 1800 வரையான ஆவணங்களை அலசி 1913இல் வெளியிட்ட ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மெட்ராஸ்’. இணையத்திலும் கிடைக்கிறது. அதைக் கதைப் புத்தகமாகப் படிக்காதீர்கள், அடிக்குறிப்புகளைப் படியுங்கள். எந்தச் செய்தி எந்தத் தேதி ஆலோசனையில் இருக்கிறது என்று அவர் குறித்துக்கொண்டே போகிறார், அந்தத் தேதிதான் உங்களுக்குச் சாவி. கோட்டையும் துரைமார்களும்தான் அதில் அதிகம், நம் பக்கம் குறைவு. ஆனாலும் தண்டையார்ப்பேட்டை, எழும்பூர், புரசைவாக்கம் மூன்றும் 1693இல் கம்பெனி கைக்கு வந்ததையும், திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கம் ஐந்தும் 1708இல் வந்ததையும் அதில் பிடிக்கலாம். ஊர்ப் பெயரைத் துரைமார் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பார்கள். திருவொற்றியூர் ‘ட்ரிவடோர்’ ஆகவும், தண்டையார்ப்பேட்டை ‘டாண்டோர்’ ஆகவும் வரும். இப்படிப்பட்ட எழுத்துகளுக்கென்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் கண்முன் இருக்கிற ஊரையே தாண்டிப்போவீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 1752க்கு முன்னால் இங்கிலீஷ்காரர்களுக்குப் புது வருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே ஆலோசனைப் புத்தகத்தில் ‘1718 பிப்ரவரி’ என்று கண்டால் நம் கணக்கில் அது 1719 பிப்ரவரி.

இந்தக் கணக்கு எங்கே உதவும் என்பதற்குக் காலடிப்பேட்டை நல்ல உதாரணம். ஜோசப் கோலெட் 1717 முதல் 1720 வரை கவர்னர். அவர் பெயரில் எழுந்த பேட்டை அது. அங்கே உள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு ஒரு கதை சொல்வார்கள்: கவர்னரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சிபுரம் வரதரைச் சேவிக்காமல் வேலைக்கு வரமாட்டாராம், அவர் பக்தியைச் சோதித்துப் பார்த்து மனம் மாறிய துரை இங்கேயே கோவில் எழுப்பினாராம். இந்தக் கதையை யார் சொன்னார், எந்தத் தெருவில் சொன்னார் என்பதோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் கம்பெனிப் புத்தகம் சொல்வதை எழுதுங்கள். கம்பெனிக்காரன் எழுதுவதெல்லாம் நெசவாளர் குடியேற்றத்தைப் பற்றி, ஏனென்றால் அவனுக்கு வேண்டியது துணி. இரண்டையும் இழுத்துக் கட்டி ஒரே கதையாக்காதீர்கள். துணி வாங்க வந்தவன் கணக்கு எழுதினான், குடியேறினவர்கள் சாமி கதை சொன்னார்கள். இரண்டுமே காலடிப்பேட்டையின் வரலாறுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு என்றால் அரசாணைகள்தான் கடல். ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் அட்டவணைப் புத்தகம் இருக்கும். அதில் பொருளைப் பிடித்து, ஆணை எண், தேதி, துறை மூன்றையும் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த ஆவணக் கட்டை எடுத்து வந்து தருவார்கள். மூன்றில் ஒன்று தப்பினாலும் கட்டு வராது. ஆணை கையில் வந்ததும், கடைசியில் இருக்கும் உத்தரவை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். அது ஒரு பத்திதான் இருக்கும். அதற்கு முன்னால் கலெக்டர் கடிதம், போலீஸ் கமிஷனர் அறிக்கை, ஜனங்கள் கொடுத்த மனு எல்லாம் கோத்திருக்கும். மனு தள்ளுபடி ஆகியிருக்கலாம், ஆனால் மனுவில் எழுதியது அப்படியே இருக்கும். கைநாட்டு வைத்த ஜனம் தன் வாயால் பேசியதற்கு மிக அருகில் இருப்பது அந்தத் தாள்தான். உத்தரவை விட அதைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். ஆணையின் தலைப்பில் ‘படிக்கப்பட்டவை’ என்று முந்தைய தாள்களின் எண்கள் வரும். கிரையப் பத்திரத்தில் தாய்ப் பத்திரத்தின் எண் வருவது போலத்தான். அதைப் பிடித்து பின்னால் பின்னால் போனால் விவகாரம் முளைத்த இடம் வரை போய்விடலாம்.

பின்னி மில் கதையைத் தேடினால்

பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்புப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள், திரு.வி.க. தோள் கொடுத்தார். 1921இல் பல மாதம் நீண்ட வேலைநிறுத்தம் வந்தது. நடுவில் அது சாதிக் கலவரமாகத் திரும்பி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது.

இங்கே ‘தொழிலாளர் போராட்டம்’ என்று அட்டவணையில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பயந்தவன் எந்த வார்த்தையில் எழுதுவான் என்று யோசியுங்கள். அவனுக்கு அது ‘கலகம்’, ‘குழப்பம்’, ‘மெட்ராஸ் சிட்டி’, ‘புளியந்தோப்பு’, ‘மில்’. பொதுத்துறை, போலீஸ், தொழிலாளர் விவகாரம் என்று பல துறைகளில் சிதறிக் கிடக்கும். ரகசியக் கோப்புகள் ‘அண்டர் செகரட்டரி சேஃப் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் தனியாக உள்ளன, அவற்றையும் கேளுங்கள். சட்டசபை விவாதங்கள் அச்சில் இருக்கின்றன. அதில் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா பேசியதைக் கட்டாயம் படியுங்கள். வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் என்ன நிலை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அவர்கள் குடியிருப்புக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சங்கத்துக்காரர்கள் எழுதியதை மட்டும் வைத்து எழுதினால் பாதி ஊரை விட்டுவிட்டு எழுதியதாகும். மில் நிர்வாகத்தையும் போலீசையும் மட்டும் படித்தால் மீதிப் பாதி போய்விடும். திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியதையும், ராஜா சட்டசபையில் பேசியதையும், கமிஷனர் அறிக்கையையும் ஒரே மேஜையில் விரித்து வைத்து, நாள் நாளாக ஒப்பிடுங்கள். அந்தச் சம்பவத்தில் உறவினரை இழந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியமும் அவர்கள் கண்ணில் படும் என்று நினைத்து எழுதுங்கள்.

அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகள் பல இன்று ஓர் இதழ்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் உள்நாட்டுப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று வேவு பார்த்து, ஆங்கிலத்தில் சுருக்கி வாராவாரம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் காப்பகத்தில் உள்ளன. இதழ் அழிந்துபோனாலும் அதைக் கண்காணித்தவன் எழுதிய சுருக்கம் தங்கிவிட்டது.

பெரியவர்களிடம் கேட்பது

தாளில் வராதது நிறைய. மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், சம்பள நாளில் வாசலில் யார் காத்திருப்பார்கள் என்பதெல்லாம் எந்த ஆணையிலும் கிடையாது. ஆனால் ரெக்கார்டரை நீட்டி, “உங்க வரலாறு சொல்லுங்க” என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். வீட்டில் இருக்கும் ஒரு பொருளைக் கேளுங்கள். சங்கத்துச் சந்தா ரசீது, கேட் பாஸ், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. அது கைக்கு வந்ததும் பேச்சு தானாக வரும்.

வருஷத்தையும் நேராகக் கேட்காதீர்கள். பட்டாளத்தில் ஒரு அம்மாவிடம் நான் கேட்டது இப்படி:

“பெரியம்மா, வீட்டுக்காரரு மில்லுல எப்போ சேந்தாரு?”

“அதெல்லாம் யாரு கண்ணு கணக்கு வெச்சா. அண்ணா செத்தப்போ பெரியவ கைக்கொழந்த. அவ பொறக்கறதுக்கு முன்னாடியே வீவிங்ல சேந்துட்டாரு.”

அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. அப்படியானால் அவர் சேர்ந்தது 1968 வாக்கிலோ அதற்கு முன்போ. இப்படி ஊர் அறிந்த தேதிகளை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22, இதைத் தாத்தா பாட்டி சொன்ன கதையாகச் சொல்வார்கள். ஜப்பான்காரனுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்தது 1942. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. மில் மூடியது 1996. சுனாமி 2004 டிசம்பர் 26. இதை வைத்துக்கொண்டால் எந்த நினைவையும் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் நிறுத்திவிடலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தமிழ் இதழ், துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம் என்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த சேகரிப்பின் மேல் 1994இல் எழுந்தது அது. முன்பு லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலையடிகள் நூலகம் இப்போது கன்னிமாரா வளாகத்தில். வீட்டிலிருந்தே பார்க்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் போதும். ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பதிவுகளின் நகல் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் ‘N/2’ என்ற வரிசையில் இருக்கிறது. வீட்டு மனை விவரத்துக்கு வில்லங்கச் சான்று இணையத்தில் எடுக்கலாம், ரொம்பப் பழையதற்குப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடவேண்டும்.

குறிப்பு எடுப்பதில் நான் கறாராக இருப்பேன். காப்பகத்துக்குப் பென்சில்தான் கொண்டுபோக வேண்டும், மை ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் கெட்டது கெட்டதுதான். பக்கத்தின் தலைப்பில் முதலில் துறை, ஆணை எண், தேதி எழுதுங்கள், அதற்குப் பிறகு செய்தி. ஆவணத்தில் இருந்த வார்த்தையை மேற்கோள் குறிக்குள் வையுங்கள், உங்கள் யூகத்தை ஓரத்தில் தனியாக எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. பொடியும் தாளைப் புரட்டாதீர்கள், ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குடும்பங்களிடமிருந்து மூலத் தாளை ஒருநாளும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். பின்பக்கத்தில்தான் பதிவாளர் முத்திரையும் சாட்சிகள் கையெழுத்தும் இருக்கும். எடுத்த படத்தை அச்சுப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் என்ன தாள், எந்த வருஷம், யார் பெயர் வருகிறது என்று எழுதி அந்த வீட்டிலேயே ஒரு ஃபைலாகக் கொடுங்கள். இன்னொரு பிரதியை நூலகத்தில் வைக்க வேண்டுமானால், வீட்டுப் பெரியவர் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்கி, எந்தப் பெயரை வெளியிடலாம், எதை மறைக்கவேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.